லாரியின் மேல் எழுதியிருக்கும் எடையும் லாரிக்குள் இருக்கும் எடையும்

ஹைவேயில் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் வருகிற லாரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓரமாக, சின்ன எழுத்தில், பெயிண்டில் சில எண்கள் இருக்கும். வெறும் வண்டி இத்தனை கிலோ, லோடோடு சேர்த்து இத்தனை கிலோ, எஃப்.சி எந்தத் தேதி வரை, பெர்மிட் எந்தத் தேதி வரை... எல்லாம் எழுதியிருக்கும்.

தன் மேல் போடப்போகும் குற்றப்பத்திரிகையைத் தானே உடம்பில் எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற தொழில் இது ஒன்றுதான். 28,500 கிலோ என்று வெளியே எழுதியிருக்கும். உள்ளே தார்ப்பாய்க்குக் கீழே 34,000 கிலோ இருக்கும். டயர் பிதுங்குவது தெரியும், பட்டை படிந்து கிடப்பது தெரியும், மேடு ஏறும்போது இன்ஜின் அழுவது காதில் விழும். பின்னால் வருகிற சைக்கிள்காரருக்குக்கூடத் தெரியும். தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியாது.

இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரே பதில்தான் வரும். "அபராதத்தை ஏத்துங்க சார், தானா திருந்துவாங்க." டீக்கடை முதல் டி.வி விவாதம் வரை இதே பாட்டு. ஏற்றியும் பார்த்தாகிவிட்டது. 2019 செப்டம்பர் 1 முதல் ஓவர்லோடுக்கு அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் ஆனது. கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 1,000 இருந்தது 2,000 ஆனது. பத்து மடங்கு! அதற்கப்புறம் ஓவர்லோடு ஒழிந்துவிட்டதா? பதில் வேண்டுமென்றால் கல் குவாரி இருக்கும் ஏதாவது ஒரு ஊரின் ரோட்டில் பத்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும்.

ஏன் ஒழியவில்லை? லாரிக்காரர்கள் எல்லாரும் கெட்டவர்களா? இல்லை. கணக்கு அப்படி. பி.காம் முதல் வருஷத்தில் சொல்லித் தரும் நிலையான செலவு, மாறும் செலவு பாடத்தை லாரி மேல் வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி மர்மம் விலகிவிடும்.

முதலில் ஒரு கணக்கு

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ சொந்தமாக ஒரே ஒரு பத்து வீல் லாரி வைத்திருக்கும் ஒரு ஓனரை எடுத்துக்கொள்ளலாம். கற்பனை ஓனர்தான். கீழே வரும் வாடகையும் செலவும்கூடக் கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள்தான். ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் மாறும். கணக்கின் போக்கு மாறாது.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. அதன்படி பத்து வீல் வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. வெறும் வண்டி 9.5 டன் என்றால், சட்டப்படி 19 டன் ஏற்றலாம். 700 கி.மீ தூரம், டன்னுக்கு 2,000 ரூபாய் வாடகை. வரவு 38,000 ரூபாய்.

இனி செலவு. லிட்டருக்கு 4 கி.மீ, லிட்டர் 92 ரூபாய் என்றால் டீசல் 16,100. டோல் 5,000. டிரைவர் பேட்டா 5,000. டயர் தேய்மானம், கிரீஸ், பஞ்சர், வழிச்செலவு 3,000. வண்டித் தவணையில் இந்த ட்ரிப்பின் பங்கு 6,000. இன்சூரன்ஸ், டேக்ஸ், எஃப்.சி, பெர்மிட் பங்கு 2,500. புரோக்கர் கமிஷன் 1,500. மொத்தம் 39,100 ரூபாய்.

அதாவது சட்டத்தை மதித்து ஓட்டினால் ட்ரிப்புக்கு 1,100 ரூபாய் நஷ்டம். (திரும்பி வரும் லோடு அதன் செலவை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாம்.)

இப்போது இன்னும் 6 டன் ஏற்றுங்கள். வரவு 12,000 கூடுகிறது. தவணை கூடுமா? இல்லை. இன்சூரன்ஸ்? இல்லை. டோல்? வீலுக்குத்தானே டோல், அதுவும் இல்லை. கொஞ்சம் டீசல், கொஞ்சம் டயர், கொஞ்சம் கமிஷன் என்று 2,000 போனால் கையில் 10,000 நிற்கிறது. 1,100 நஷ்டம் 8,900 லாபமாக மாறிவிட்டது. முதல் 19 டன் செலவைச் சமாளிக்கிறது, கடைசி 6 டன் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. வருமான வரியில் பத்து வண்டி வரை வைத்திருப்பவர்களுக்கு அனுமான வருமானம் என்று ஒரு வசதி உண்டு. 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டினால் போதும். எந்த டன்? ஆர்.சி புக்கில் இருக்கும் டன். ஆக வருமான வரித்துறையின் கண்ணில் இந்த 6 டன் பிறக்கவே இல்லை.

இங்கே முக்கியமான விஷயம் டன்னுக்கு 2,000 என்கிற வாடகைதான். அது எங்கிருந்து வந்தது? எல்லாரும் 25 டன் ஏற்றுவார்கள் என்று தெரிந்துதான் பார்ட்டியும் புரோக்கரும் அந்த ரேட்டைப் பேசுகிறார்கள். 19 டன்தான் ஏற்றுவேன் என்று ஒரு நல்ல மனிதர் சொன்னால் அவருக்கு லோடு கிடையாது. பின்னால் இருபது வண்டி வரிசையில் நிற்கிறது. நேர்மையாக இருப்பவன் முதலில் திவாலாகும்படி ஒரு மார்க்கெட்டை அமைத்துவிட்டு, அப்புறம் "இவங்க சட்டத்தையே மதிக்கிறதில்ல" என்று அங்கலாய்ப்பது எந்த ஊர் நியாயம்?

அபராதம் ஏறினால் என்ன ஏறும்?

சரி, 6 டன் ஓவர்லோடுக்கு இப்போது அபராதம் எவ்வளவு? 20,000 கூட்டல் 12,000. மொத்தம் 32,000 ரூபாய். பயங்கரமாகத்தான் தெரிகிறது. ஆனால் ட்ரிப்புக்கு 10,000 கூடுதலாகக் கிடைக்கும்போது, மூன்று ட்ரிப்புக்கு ஒரு முறையாவது பிடிபட்டால்தான் ஓவர்லோடு நஷ்டக் கணக்காகும். மூன்றுக்கு ஒன்று! பத்து ட்ரிப்புக்கு ஒரு முறை பிடிபட்டால்கூட சராசரிச் செலவு 3,200தான். 10,000 சம்பாதிக்க 3,200 செலவு என்றால் எந்த வியாபாரியும் கண்ணை மூடிக்கொண்டு செய்வான்.

அதோடு 32,000 ரூபாய் அபராதத்துக்கும் சும்மா விடுவதற்கும் நடுவில் ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. அந்த மைதானத்தில் நடக்கும் விளையாட்டுக்குப் பெயர் மாமூல். அபராதம் 5,000 ஆக இருந்தால் அதைத் தவிர்க்க ஒருவர் 500 கொடுப்பார். 32,000 ஆனால் 2,000 கொடுக்கவும் தயங்கமாட்டார். பிடிபடும் வாய்ப்பு கூடாமல் அபராதத் தொகை மட்டும் கூடினால் ஏறுவது ஒழுக்கம் இல்லை, மாமூல் ரேட்.

சட்டத்தில் ஓட்டை என்றும் சொல்ல முடியாது. அபராதம் கட்டினால் மட்டும் போதாது, கூடுதல் லோடை இறக்கின பிறகுதான் வண்டி நகர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பணத்தைக் கட்டிவிட்டு அதே லோடோடு போகிற பழக்கம் தவறு என்று 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் நடுராத்திரி, நடு ஹைவேயில், 6 டன் சிமெண்ட் மூட்டையை எங்கே இறக்குவது? யார் இறக்குவது? மழை வந்தால் யார் பொறுப்பு? இறக்கி வைக்க இடமும் ஆளும் இல்லாத இடத்தில் இந்த விதி காகிதத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கும்.

லோடு ஏற்றியது ஒருவர், லைசென்ஸ் போவது இன்னொருவருக்கு

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். லாரித் தொழிலில் அம்பை நோவதே அரசாங்கக் கொள்கை.

உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015ல் மாநிலங்களுக்கு ஒரு உத்தரவு அனுப்பியது. அதிவேகம், சிக்னல் மீறல், குடித்துவிட்டு ஓட்டுதல், செல்போன் பேசிக்கொண்டு ஓட்டுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொன்னது. நல்ல விஷயம். அதே பட்டியலில் சரக்கு வண்டியில் ஓவர்லோடும் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். குடிப்பது டிரைவரின் முடிவு. செல்போன் பேசுவது டிரைவரின் முடிவு. ஓவர்லோடு யாருடைய முடிவு? ரேட் பேசியது புரோக்கர். லோடு ஏற்றச் சொன்னது பார்ட்டி. ஒத்துக்கொண்டது ஓனர். டிரைவர் அப்போது குடோன் வாசலில் நிழல் தேடி உட்கார்ந்திருப்பார். "இவ்ளோ ஏத்தாதீங்கண்ணே, பிரேக் புடிக்காது" என்று சொன்னால் "அப்ப நீ எறங்கிக்க, வேற ஆள் இருக்கு" என்பார்கள். வண்டி பிடிபட்டால் மூன்று மாதம் சோறு இல்லாமல் போவது அவருக்கு. பார்ட்டி அந்த மூன்று மாதமும் வேறு வண்டியில் அதே 25 டன்னை ஏற்றிக்கொண்டிருப்பார்.

சட்டத்தில் பார்ட்டியைப் பிடிக்க வழியே இல்லையா? இருக்கிறது! அதுதான் வயிற்றெரிச்சல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194வது பிரிவு ஓவர்லோடு வண்டியை ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை. அப்படி ஓட்டக் காரணமாக இருப்பவர், ஓட்ட அனுமதிப்பவர் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. புக்கிங் ஆபீஸ், காண்ட்ராக்டர், ஏஜெண்ட், புரோக்கர் எல்லாரும் பதிவு செய்துகொண்டுதான் தொழில் நடத்த வேண்டும், ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்றக்கூடாது, ஏற்ற விடவும் கூடாது என்கிறது அது. எழுதின சட்டம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ரோட்டில் நிற்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் கைக்கு எட்டுவது டிரைவரின் சட்டை காலர்தான்.

2024 ஜனவரி முதல் வாரத்தில் வட இந்தியாவில் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் போராடியது நினைவிருக்கும். விபத்து நடந்ததும் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்று புதிய பாரதிய நியாய சம்ஹிதாவில் வந்த 106(2) பிரிவுதான் காரணம். கடைசியில் 2024 ஜூலை 1ல் மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது இதை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அடிபட்டவரைப் போட்டுவிட்டு ஓடுவது தப்புதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டிரைவருக்குப் பத்து வருஷம் என்று யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த டிரைவரை எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டச் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே, அது ஏன்?

தூக்கத்துக்குச் சட்டம் உண்டு

ஆமாம், உண்டு. 1961ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று வரம்பு வைத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் அரை மணி ஓய்வு, வாரம் ஒரு நாள் லீவு என்றெல்லாம் அழகாக எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும்.

ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் ஓனரிடம் ஐந்து பேர் எங்கே இருப்பார்கள்? நம் நாட்டு லாரித் தொழிலே ஒன்றும் இரண்டுமாக வண்டி வைத்திருப்பவர்களை நம்பித்தான் ஓடுகிறது. 64 வருஷம் கழித்து, 2025 நவம்பர் 21ல் இந்தச் சட்டத்தின் இடத்தைத் தொழிலிடப் பாதுகாப்புக்கான புதிய சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டபோது, இந்த ஓட்டையை அடைத்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அடைக்கவில்லை. ஐந்து பேர் என்பதைப் பத்து பேர் என்று ஆக்கினார்கள். ஓட்டை இரண்டு மடங்கு ஆனது. சபாஷ்!

மேலே போட்ட 700 கி.மீ ட்ரிப்பையே எடுங்கள். டோல், டிராபிக், மேடு பள்ளம் எல்லாம் சேர்த்து மணிக்கு சராசரி 40 கி.மீ என்றால் பதினேழரை மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். 8 மணி நேரக் கணக்குப்படி மூன்றாம் நாள்தான் போய்ச் சேர முடியும். பார்ட்டி என்ன சொல்வார்? "நாளைக்குக் காலைல வண்டி கேட்ல நிக்கணும். லேட்டானா வாடகைல புடிச்சிருவோம்." அந்த ஒரு வாக்கியத்திலேயே சட்டம் செத்துப்போய்விட்டது. அதை மீறியதற்கு ஆதாரம் அந்த டெலிவரி நேரமேதான். ஆனால் அதை யாரும் ஆதாரமாகப் பார்ப்பதில்லை.

வெளியூரில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டின் 561ஆம் விதிமுறைப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு, வாரத்துக்கு அதிகபட்சம் 56 மணி நேரம் ஓட்டலாம். அது பெரிய விஷயம் இல்லை. சரக்கு அனுப்புகிறவரும் ஏஜெண்டும் போடும் டெலிவரி நேரம் இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும் என்றும் அதே விதிமுறை சொல்கிறது பாருங்கள், அதுதான் விஷயம். ஆஸ்திரேலியாவில் 2014ல் நடைமுறைக்கு வந்த கனரக வாகனச் சட்டத்தில் இதற்குப் பொறுப்புச் சங்கிலி என்றே பெயர். சரக்கை அனுப்புபவர், ஏற்றுபவர், நேரம் குறிப்பவர், வாங்கிக்கொள்பவர் என்று ஒவ்வொரு கண்ணியும் பதில் சொல்ல வேண்டும். டிரைவர் அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி. இங்கே சங்கிலியே கிடையாது, கடைசிக் கண்ணி மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இ-வே பில் மட்டும் எப்படி ஒழுங்காக நடக்கிறது?

"இந்தியாவில் எந்தச் சட்டம் போட்டாலும் வேலைக்கு ஆகாதுங்க" என்று சலித்துக்கொள்பவர்களுக்காக இந்தப் பகுதி.

2018 ஏப்ரல் 1ல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. தமிழ்நாட்டுக்குள் அதே வருஷம் ஜூன் 2ல் வந்தது. அதே லாரி, அதே டிரைவர், அதே பார்ட்டி, அதே புரோக்கர், அதே ரோடு. ஆனால் இன்றைக்கு இ-வே பில் இல்லாமல் பெரிய கம்பெனி எதுவும் கேட்டைத் திறந்து வண்டியை வெளியே விடாது. வண்டி வழியில் பிரேக்டவுன் ஆனால், மாற்று வண்டியின் நம்பரை ராத்திரி இரண்டு மணிக்குக்கூட போர்ட்டலில் ஏற்றிவிட்டுத்தான் லோடை மாற்றுவார்கள். இவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது?

காரணம் ரொம்ப சிம்பிள். பில் இல்லாமல் பிடிபட்டால் மாட்டுவது சரக்கு. 2022 ஜனவரி 1 முதல் சரக்கின் உரிமையாளரே முன்வந்து விடுவிக்கக் கேட்டால், வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். அடி விழுவது பார்ட்டியின் முதுகில். உடனே பார்ட்டி ஒழுங்காகிவிட்டார். பார்ட்டி ஒழுங்கானதும் புரோக்கர், ஓனர், டிரைவர் எல்லாரும் தானாக ஒழுங்கானார்கள்.

ஆக லாரித் தொழிலில் சட்டத்தை நடைமுறைப்படுத்த முடியும் என்று அரசாங்கமே நிரூபித்துவிட்டது. தன் வரி வசூலுக்கு மட்டும் அதைச் செய்தது. டிரைவரின் உயிருக்கும் எதிரே வரும் பைக்காரரின் உயிருக்கும் செய்யவில்லை. 2022ல் மட்டும் நாடு முழுக்க சாலை விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். எல்லாம் லாரியால் வந்த சாவு இல்லைதான். ஆனால் வரிப்பணத்துக்குக் காட்டின அக்கறையில் பாதியையாவது இந்த எண்ணுக்குக் காட்டக்கூடாதா?

உயிரை விடுங்கள், ரோட்டையாவது பார்க்கலாம். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ரோடு போட்டு, அதன் மேல் லாரிகளை ஓட்டி ஓட்டி ஒரு பெரிய சோதனை செய்தார்கள். அச்சு எடை கூடும்போது ரோட்டின் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று தெரிந்தது. பத்து வீல் வண்டியின் பின் அச்சுகள் இரண்டும் சேர்ந்து 21 டன் தாங்கலாம். அங்கே 27 டன் இறங்கினால் சுமை 29 சதவீதம்தான் கூடியிருக்கிறது. ரோட்டுக்குச் சேதம் இரண்டரை மடங்குக்கு மேல். அந்தப் பள்ளத்தை அடைக்கிற செலவு பார்ட்டியின் கணக்குப் புத்தகத்தில் வராது. வரி கட்டுகிற எல்லாருடைய கணக்கிலும் வரும்.

ஓனர்கள் ஒன்றும் அப்பாவிகள் இல்லை

இவ்வளவு சொன்னதும் "பாவம் ஓனர்" என்று முடித்துவிடக்கூடாது. எஃப்.சி காட்டும் அன்றைக்கு மட்டும் நல்ல டயர், புது ஸ்டிக்கர், எரிகிற லைட், மறுநாள் எல்லாம் பழையபடி என்பது யார் வேலை? 2015 அக்டோபருக்குப் பிறகு வந்த சரக்கு வண்டிகளில் 80 கி.மீக்கு மேல் போகாமல் தடுக்கும் கருவி இருக்க வேண்டும். அதன் வயரைப் பிடுங்கிவிடச் சொல்வது யார்? டீசல் விலைக்கும் டோல் கட்டணத்துக்கும் வண்டியை நிறுத்திப் போராடுகிற சங்கங்கள், டிரைவரின் தூக்கத்துக்காக ஒரு நாளாவது நிறுத்தியது உண்டா? ஓவர்லோடை நிறுத்துங்கள், ஏற்றச் சொல்பவர்மேல் வழக்குப் போடுங்கள் என்று சில சங்கங்கள் கேட்டிருக்கின்றன. அதை மறுக்கக்கூடாது. ஆனால் அதே சங்கத்து உறுப்பினரே அடுத்த லோடுக்கு 25 டன் ஏற்றத்தான் செய்கிறார்.

பேப்பர் விஷயத்தில் ஓனர்கள் காட்டும் அலட்சியம் கடைசியில் அவர்கள் தலையிலேயே விழுகிறது. எஃப்.சி எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருஷா வருஷம். டிரைவரின் கனரக லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. இன்சூரன்ஸ் வருஷம் ஒரு முறை. இதோடு டேக்ஸ், நேஷனல் பெர்மிட், புகைச் சான்று. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தேதி. ஏதாவது ஒன்று காலாவதியான நாளில் விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று கோர்ட் உத்தரவு போடுவது உண்டு. லட்சக்கணக்கில் வரும். வண்டியை விற்றாலும் போதாது, வீட்டையும் விற்க வேண்டியிருக்கும். ஒரு காலண்டரில் வட்டம் போட்டு வைக்காததற்கு இவ்வளவு பெரிய தண்டனை!

அப்போ என்னதான் செய்வது?

குறை சொல்வது சுலபம், வழி சொல் என்பீர்கள். சொல்லலாம்.

1. இ-வே பில்லில் சரக்கின் பெயர், அளவு, மதிப்பு எல்லாம் கேட்கிறார்கள். மூட்டைக் கணக்கு, பெட்டிக் கணக்கு என்று அளவு எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். மொத்த எடை என்று ஒரு கட்டத்தைக் கட்டாயம் ஆக்கட்டும். வண்டி நம்பர் ஏற்கெனவே வாகன் தகவல் தளத்தோடு சரிபார்க்கப்படுகிறது. அந்த வண்டியின் அனுமதி எடை அங்கேயே இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, கூடினால் பில் வரக்கூடாது. அவ்வளவுதான். எடையைக் குறைத்து எழுதுவார்களே என்றால், 25 டன் சிமெண்ட் விற்றுவிட்டு 19 டன் என்று எழுதினால் 6 டன்னுக்கு வரி ஏய்ப்பு. அந்த ரிஸ்க்கைப் பெரிய கம்பெனி எதுவும் எடுக்காது. வரி விலக்குள்ள சரக்குக்கும் குவாரி லோடுக்கும் இது பொருந்தாது. குவாரிக்குத் தனியாக அனுமதிச் சீட்டு இருக்கிறது, அதில் இதே ஒப்பீட்டைச் செய்யலாம்.

2. ஓவர்லோடைப் பிடிக்க வேண்டிய இடம் லோடு ஏற்றுகிற கேட். ஹைவேயில் பிடிப்பது ரொம்ப லேட். சிமெண்ட் ஆலை, துறைமுகம், பெரிய குடோன் என்று எல்லா இடத்திலும் எடை மேடை இருக்கிறது. அங்கே போடும் எடைச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவரே பொறுப்பு. அதிக எடைக்குச் சீட்டுப் போட்டால், அதுவே 194வது பிரிவில் பார்ட்டிக்கு எதிரான ஆதாரம். ஓனருக்கு எவ்வளவு அபராதமோ அவ்வளவு பார்ட்டிக்கும் தனியாக விழ வேண்டும்.

3. டிரைவர் முடிவெடுக்கிற தவறுக்கு மட்டும் டிரைவர் லைசென்ஸில் கை வைக்கட்டும். சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவர் தவிர, ஓவர்லோடுக்காக மற்றவர் லைசென்ஸை நிறுத்துவதை விட்டுவிடலாம். மாறாக, அதிக எடை ஏற்றச் சொன்னார்கள் என்று டிரைவர் புகார் சொன்னால் வேலை போகாதபடி பாதுகாப்பு வேண்டும்.

4. வேலை நேர வரம்புக்கு ஆள் கணக்கே கூடாது. ஒரு வண்டி இருந்தாலும் டிரைவருக்குத் தூக்கம் வரும். டிரைவர் பெயரையும் டெலிவரி நேரத்தையும் பில்லிலேயே எழுதச் சொல்லட்டும். 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். வண்டி எந்த டோலை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது பதிவாகிறது. ஒரே டிரைவர் பெயரில் பதினெட்டு மணி நேரம் வண்டி ஓடியிருந்தால், அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிய பார்ட்டிக்கு நோட்டீஸ் போகட்டும்.

5. சின்ன ஓனர்கள் தனித்தனியாக எல்லாத் தேதியையும் பார்த்துக்கொள்ள முடியாது. ஐம்பது வண்டிக்கு ஒரு கிளார்க் என்று சங்கமே ஒரு பேப்பர் ஆபீஸ் வைக்கலாம். மாதம் வண்டிக்குச் சில நூறு ரூபாய் ஆகும். ஒரு தடவை எஃப்.சி தவறினால் வரும் இழப்புக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

"விலைவாசி ஏறிடுமே!"

கடைசி ஆயுதம் இதுதான். லோடைக் குறைத்தால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் அரிசி விலை ஏறும், ஏழை வயிற்றில் அடிக்கிறீர்களே என்பார்கள். இதையும் கணக்காகவே பார்த்துவிடலாம்.

டன்னுக்கு 2,000 என்றால் கிலோவுக்கு 2 ரூபாய். சட்டப்படி 19 டன் மட்டும் ஏற்றி, அதே ஓனர் ஏறக்குறைய அதே லாபம் பார்க்க வேண்டுமென்றால் டன்னுக்கு 2,500 வேண்டும். கிலோவுக்கு இரண்டரை ரூபாய். அதாவது 700 கி.மீ தள்ளிப் போகிற ஒரு கிலோ அரிசியின் மேல் கூடுவது 50 பைசா. எல்லாருக்கும் ஒரே விதி, எல்லாரும் 19 டன்தான் என்று ஆகிவிட்டால் இந்த 50 பைசா மார்க்கெட்டில் தானாகவே வந்து சேரும். யாரும் தனியாக நஷ்டப்பட வேண்டியதில்லை, யாரும் திவாலாக வேண்டியதில்லை.

அந்த 50 பைசாவை இப்போதும் யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பள்ளம் விழுந்த ரோட்டில் கொடுக்கிறார்கள், மாமூலாகக் கொடுக்கிறார்கள், பிரேக் பிடிக்காத இறக்கத்தில் உயிராகக் கொடுக்கிறார்கள். பில்லில் வராததால் இலவசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்த முறை ஹைவேயில் ஒரு லாரி குப்புறக் கிடப்பதைப் பார்த்தால், "டிரைவர் தூங்கிட்டான் போல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவரைத் தூங்கவிடாதது யார், அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே அத்தனை மூட்டையை ஏற்றியது யார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வண்டியின் பக்கத்தில் பெயிண்டில் எழுதியிருக்கும் எடை அப்போதும் அங்கேயேதான் இருக்கும். யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு, சரியான ஆளின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.